மூணு ஃபேன் கார்டும் ரெண்டு சீப்பு பழமும்

கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கக்கா. இன்னும் கொஞ்சம். எனக்கில்ல, இந்தப் பொட்டிக்கு. மேல வைக்கலாந்தான், ஆனா பஸ்ஸு குலுக்கற குலுக்கல்ல உள்ள இருக்கறது செத்துப்போவும்னு மெக்கானிக் தம்பி சொல்லி அனுப்பியிருக்கான். கீழ வைக்கலாம்னா நேத்து யாரோ இந்த எடத்துல மீனு கொண்டாந்திருக்காங்க, மோந்து பாருங்க. மடியிலயே இருக்கட்டும்.

பாக்கறீங்க இல்ல? பாருங்க. காலங்காத்தால செய்யாறு பஸ்ஸுல ஒருத்தி பட்டுப்பொடவை கட்டி, தலை நெறைய பூ வச்சி, கூடையில ரெண்டு சீப்பு வாழைப்பழம், ஆப்பிளு, வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம்னு ஏறினா யாருதான் பாக்க மாட்டாங்க. எந்த மண்டபம்னு கண்டக்டர் கூட கேட்டாரு. மண்டபமும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. மெட்ராஸுக்கு, ரிச்சி தெருவுக்குப் போறேன். கம்ப்யூட்டர் கார்டு மாத்த.

சிரிங்க, சிரிங்க. அவரும் இப்படித்தான் சிரிச்சாரு. சிரிச்சிட்டு மீதி சில்லறையை மறந்துட்டாரு, ஞாபகப்படுத்தணும்.

என் பேரு பச்சையம்மா. செய்யாறு பக்கம் வந்து தரகர் பச்சையம்மான்னு கேளுங்க, கொழந்தை கூட வீட்டைக் காட்டும். ஏன்னா அந்தக் கொழந்தையோட அப்பன் ஆத்தாளை சேத்து வச்சதே நான்தான். முந்நூத்திப் பன்னெண்டு ஜோடி. ஒண்ணு கூட திரும்பி வரல. நாலாங் கிளாஸ் தாண்டல நானு, ஆனா ஜாதகக் கட்டத்தைக் கையில குடுங்க, பால் பொங்கறதுக்குள்ள பத்துப் பொருத்தமும் சொல்லிடுவேன்.

ஆனா எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. யுவராணி. இருபத்தெட்டு முடியப் போவுது. கட்டத்துல செவ்வா ஒக்காந்திருக்கான், இறங்க மாட்டேங்கறான். செவ்வா உள்ள பையனாத்தான் பாக்கணும். ஊரெல்லாம் கட்டி வைக்கறா, சொந்தப் பொண்ணை வீட்டுலயே வச்சிருக்கான்னு பேசறாங்க. நேராவே கேக்கறாளுங்க. என் சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்: வர்ற தைக்குள்ள அவளுக்கு முடிக்கலன்னா, ஜாதகம் வச்சிருக்கற இந்தத் துணிப்பையைக் கொண்டுபோயி ஏரியில வீசிடுவேன். தொழிலே வேணாம். இன்னிக்கு கார்த்திகை இருபத்திரெண்டு. இன்னும் எட்டு நாளு போனா மார்கழி பொறந்துடும், நல்லது எதுவும் பேச முடியாது. எட்டே நாளுதான்க்கா! அதுல ஒரு நாளை இந்தக் கார்டுக்கு தெண்டம் குடுத்துட்டுப் போறேன் பாருங்க.

வரன் வரலையான்னு கேக்கறீங்களா? இருபத்தேழு வந்துச்சி. ஓசூர் பையன், நல்ல வேலை, செவ்வாயும் உண்டு. ஆனா அவங்கம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்குது. அந்தம்மா பேசிக்கிட்டே இருந்தா நான் எப்ப பேசறது? வேணாம்னுட்டேன். திருச்சி ஒண்ணு. திருச்சி என்னா பக்கத்துலயா இருக்கு? இன்னொருத்தன் வந்தான், பொண்ணு பாக்க வந்த எடத்துல பஜ்ஜியை ஒடைச்சி உள்ள வாழைக்காயை மட்டும் எடுத்துத் தின்னான். மாவை ஒதுக்கறவன் நாளைக்கு மனுசாளை ஒதுக்க மாட்டானா? எல்லாம் அந்த செவ்வா பண்ற வேலை. என்னால ஒண்ணும் இல்ல.

கார்டுக்கு வரேன்.

யுவராணி வீட்டுல ஒக்காந்து கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றா. ஸ்டுடியோக்காரங்க குடுப்பாங்க. நான் சேத்து வைக்கறேன், அவ வெட்டி ஒட்டறா. அந்த மெஷினு பழசு. கம்ப்யூட்டருக்குள்ள மூளைன்னு ஒண்ணு இருக்கும்க்கா, கணக்கெல்லாம் போடும், ஆனா படம்னா அதுக்கு சலிப்பு. அதனால படத்துக்குன்னு தனியா ஒரு ஆளு போடுவாங்க. அந்த ஆளுதான் கிராபிக்ஸ் கார்டு. எங்க மெஷின்ல இருந்தது சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கார்டு. ஒரு முகூர்த்த வீடியோவைப் போட்டா, மாப்பிள்ளை தாலியைக் கையில எடுப்பாரு, அப்படியே நின்னுடுவாரு. கெட்டிமேளம் மட்டும் கொட்டிக்கிட்டே இருக்கும். கட்டவே மாட்டாரு. ஒரு நாளு முக்கால் மணி நேரம் நின்னாரு. பொறுக்க முடியாம நானே பக்கத்துல போயி, "கட்டுப்பா, நான் விசாரிச்ச எடம்தான், நல்ல பொண்ணு"ன்னேன். பொண்ணோட அம்மா கண்ணைத் தொடைக்கற எடம் வந்தா பாதி கண்ணு இந்தப் பக்கமும் பாதி கண்ணு அந்தப் பக்கமும் கட்டம் கட்டமா போயிடும். பாக்கவே பயமா இருக்கும்.

சரின்னு தணிகைவேலைக் கூப்பிட்டோம். பஸ் ஸ்டாண்டு பின்னாடி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கான். எங்களுக்கு ரெண்டாவது தெரு. அப்பா இல்லாத பையன். அவங்கம்மா தங்கம்! வாயே தொறக்காது. நான் ரெண்டு மணி நேரம் பேசினாலும் கேட்டுக்கிட்டே இருக்கும், நடுவுல காபி மட்டும் குடுக்கும். முப்பத்தொண்ணு ஆவுது தம்பிக்கு, இன்னும் கல்யாணம் ஆவல. ஜாதகம் எங்கிட்டதான் இருக்கு, ஆறு மாசமா. அந்தக் கதை அப்புறம்.

வந்தான், மெஷினைத் தொறந்தான், டார்ச் அடிச்சிப் பாத்தான். "அம்மா, புது கார்டு போடலாம். ஆனா சும்மா வாங்கிடக் கூடாது. இதுக்கு அது ஒத்துவருமான்னு பாக்கணும்"னான்.

எப்படின்னேன்.

"மதர்போர்டுல அதைச் சொருக எடம் இருக்கணும். பவர் சப்ளை அதுக்கு வேண்டிய கரண்டு குடுக்கணும், அதுக்கு சரியான பின்னு ஒயர் வரணும். பொட்டிக்குள்ள அது நீளத்துக்கு எடம் இருக்கணும். பிராசஸர் ரொம்பப் பழசா இருந்தா, கார்டு ஓடும், இது கூட ஓட முடியாம மூச்சு வாங்கும். மானிட்டர்ல அதோட ஒயர் மாட்ட வழி இருக்கணும்."

எனக்கு சிரிப்பு தாங்கல. "தம்பி, இது எங்க தொழில்டா! சொருக எடம்னா, போற வீட்டுல பொண்ணுக்கு எடம் இருக்கா. கரண்டுன்னா மாப்பிள்ளை சம்பாத்தியம். நீளம்னா கூட்டுக் குடித்தனமா, தனிக் குடித்தனமா. ஒருத்தர் ஓடி ஒருத்தர் மூச்சு வாங்கினா அது வயசு வித்தியாசம். மானிட்டருங்கறது ஊரு. உள்ள எப்படி இருந்தாலும் வெளிய படம் நல்லாத் தெரியணும் இல்ல?"

யுவராணி தலையில அடிச்சிக்கிட்டா. அந்தத் தம்பி மட்டும் என்னையே பாத்துக்கிட்டு, "நீங்க சொல்றது சரிதாம்மா, எல்லாம் பொருந்தினா நீங்க ஒத்துப்பீங்க இல்ல?"ன்னு கேட்டான். "பொருந்தினா நான் யாருடா வேணாம்னு சொல்ல"ன்னேன். உடனே ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கார்டு வாங்கறதுன்னா அவ்ளோ சந்தோஷம். படிச்ச பிள்ளைங்களுக்கு சின்னச் சின்னதே போதும்.

அளவெல்லாம் எடுத்து எழுதிக் குடுத்துட்டுப் போனான். நான் அதைத் தொழுவத்து... இல்லக்கா, மாடெல்லாம் இல்ல, தொழுவம்னு ஒரு ரூம்பு, இப்ப அதுலதான் அரிசி மூட்டை... அங்க வச்சிட்டு மறந்துட்டேன். அடுத்த வாரம் வந்தவாசிக்கு ஒரு வரன் விசயமாப் போனேன். மாப்பிள்ளையோட சித்தப்பா, பசங்க ஆட்டம் ஆடற கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தவரு, இழுத்து மூடறாரு. கார்டு ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களான்னாரு. பாத்தேன்.

அக்கா! என்னா லட்சணம்ங்கறீங்க! மூணு ஃபேனு. கரண்டு குடுத்ததும் மூணும் சுத்துது. செவப்பு, நீலம், பச்சைன்னு மாறி மாறி லைட்டு. எங்க குலதெய்வம் கோயில் திருவிழா சீரியல் செட்டு தோத்துது. தூக்கிப் பாத்தா பொறந்த கொழந்தை கனம். ரெண்டு கையால தாங்கணும். அப்பவே முடிவு பண்ணிட்டேன். இதான் நம்ம வீட்டுக்குன்னு.

வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். தம்பி வந்தான். பாத்ததும் கையை நெத்தியில வச்சான். "நீளம் பாத்தீங்களாம்மா?"

"லட்சணத்தைப் பாத்தேன்டா."

"பின்னு?"

"ஃபேனு மூணு இருக்கு பாரு."

மாட்டிப் பாத்தான். பொட்டிக்கு வெளிய அரை சாணு நிக்குது. குட்டைக் கட்டில்ல நெட்டை ஆளு படுத்த மாதிரி. கரண்டும் பத்தல, ஆன் பண்ணா மெஷினு ஒரு தும்மல் போட்டுட்டுப் படுத்துடுது. யுவராணி குதிக்கிறா, "ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் பத்துப் பாத்து முடிப்ப, எனக்குன்னா இப்படித்தானா"ன்னு. திருப்பிக் குடுத்துடலாம்மான்னான் தம்பி. நான் எழுந்து நின்னுட்டேன். "முந்நூத்திப் பன்னெண்டு முடிச்சிருக்கேன். நான் கொண்டாந்த சம்பந்தம் எதுவும் திரும்பிப் போனதில்ல. இதுவும் போவாது. பரிகாரம் பண்ணு!"

பரிகாரம்தான்க்கா. ஜாதகத்துல ஒண்ணு தட்டுனா திருநள்ளாறு போறோம், விளக்கு ஏத்தறோம், சரியாவுது இல்ல? மெஷினுக்கும் உண்டு. மொதல்ல பவர் சப்ளையை மாத்தினான், அவன் கடையில இருந்ததையே. அதுக்கு ஒரு நாளு. அப்புறம் பெரிய பொட்டி, கேபினட்டும்பாங்க, அதை மாத்தினான். அதுக்கு மூணு நாளு. அப்புறம் ஒயரு. அப்புறம் மானிட்டர் ஒயரு. அப்புறம் டிரைவருன்னான். "கார்டு ஓட்டறதுக்கு டிரைவர் வேற தனியா வைக்கணுமா, படி குடுக்கணுமா"ன்னேன். ரெண்டும் சிரிச்சி உருளுதுங்க. அப்புறம் சூடு பாக்கணும்னு வந்தான். அப்புறம் ஃபேனு சத்தம் கேக்குதான்னு பாக்கணும், யாரும் ரூம்புக்குள்ள வரக்கூடாதுன்னான். நான் அடுப்படியில ஒக்காந்து மூச்சு கூட விடாம இருந்தேன். உள்ள இருந்து ஃபேனு சத்தமே வரல. சிரிப்பு சத்தம்தான் வருது. ஒரு ஃபேனு சத்தம் போடாம இருந்தா இவ்ளோ சிரிப்பு வருமா? தொழில்ல அவ்ளோ ஆசை அந்தப் பையனுக்கு.

ரெண்டு மாசம்க்கா! வாரத்துக்கு மூணு நாளு. கூலின்னு கேட்டா வாங்கவே மாட்டேங்கறான். "உங்க வீட்டு வேலைக்கு எதுக்கும்மா"ங்கறான். இந்தக் காலத்துல இப்படி ஒரு மெக்கானிக்கு! அவனுக்கு நானே பொண்ணு பாத்துக் குடுத்துடணும், கமிஷன் வாங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அந்தக் கதைதான் சொல்றேன்னேனே. ஆறு மாசமா அவன் ஜாதகம் இந்தப் பையில இருக்கு. இந்தப் பையிலதான், பாருங்க, ரப்பர் பேண்டு போட்ட கட்டு. அவனுக்கும் செவ்வா. அதான் கஷ்டம். செவ்வா உள்ள பொண்ணு வேணும். பதினோரு பொண்ணு காமிச்சேன். ஒண்ணு உயரம்ங்கறான், ஒண்ணு தூரம்ங்கறான். என்னாதான்டா வேணும்னேன். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணா இருக்கணும்மா"ங்கறான். சரி. "வீட்டுலயே ஒக்காந்து வேலை செய்யணும்." சரி. "ரொம்ப தூரம் வேணாம், நம்ம தெருப் பக்கமாவே இருந்தா நல்லது." அடேய், செவ்வாயும் இருக்கணும், கம்ப்யூட்டரும் தெரியணும், நம்ம தெருவுலயும் இருக்கணும்னா நான் எங்கடா போவேன்? வேலூர் வரைக்கும் தேடிட்டேன்க்கா. கெடைக்கல.

என்னாக்கா? ஏன் வாயைப் பொத்திக்கிறீங்க? பொரையேறுதா? தண்ணி குடிங்க.

என் பொண்ணு ஜாதகமா? அதை இந்தப் பையில வைக்க மாட்டேன். அது சாமி மாடத்துல, மஞ்சத்துணியில சுத்தி வச்சிருக்கேன். ஊரு ஜாதகத்தோட எம்பொண்ணு ஜாதகத்தைக் கலப்பேனா? தொழில் வேற, வீடு வேற. என்னா சொல்ல வர்றீங்க? இருங்க, இருங்க, நடுவுல பேசாதீங்க, எனக்குக் கோர்வை போயிடும். மொதல்ல இன்னிக்கு நான் எப்படிக் கெளம்பினேன்னு கேளுங்க.

போன வாரம் தம்பி வந்து மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்தான். "அம்மா, எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். இந்தக் கார்டு சரிப்படல. ரிச்சி தெருவுல எங்க பெரியப்பா கடை இருக்கு. இதைக் குடுத்துட்டு வேற வாங்கிக்கலாம். நீங்களே நேர்ல போயிப் பேசணும். நான் பேசக் கூடாது, பேசினா நல்லா இருக்காது."

"என்னாடா பேசணும்?"

"நீங்க யாரு, எந்த ஊரு, எப்படிப்பட்ட குடும்பம்னு பேசுங்க போதும். மீதியை அவரு கேப்பாரு. எங்க வீட்டுல அவரு வார்த்தைதான். அவரு சரின்னுட்டா எங்கம்மா மறுபேச்சு பேச மாட்டாங்க."

பழைய கார்டு மாத்தறதுக்கு அவங்கம்மா சம்மதம் எதுக்குன்னு எனக்கு ஒரு செகண்டு தோணுச்சி. மெட்ராஸு யாவாரம், அவங்களுக்குள்ள என்னா பங்கோன்னு விட்டுட்டேன். அடுத்தவங்க வீட்டு விசயத்துல நான் மூக்கை நுழைக்கறதில்ல.

யுவராணி இருக்காளே, ராகு காலம்னா "அது என்னா ரயில் டைமா"ன்னு கேக்கறவ, அவ காலண்டரைக் கிழிக்காத கொறையா பொரட்டினா. "அம்மா, வெள்ளிக்கிழமை போ. வளர்பிறை. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், அதுக்கு முன்னாடி கடைக்குள்ள காலை வச்சிடு. பட்டுப்பொடவை கட்டிக்க. பழம், வெத்தலை பாக்கு எடுத்துக்க. பெரியவரு அதெல்லாம் பாப்பாராம்." கார்டு மாத்த வெத்தலை பாக்கான்னேன். "மரியாதை குடுத்தா நல்ல கார்டா எடுத்துக் குடுப்பாரு"ன்னா. அதுவும் சரிதான்.

இதுல வேடிக்கை என்னான்னா, எங்க வீட்டுக்காரரு. முப்பது வருசத்துல அந்த மனுசன் எங்கிட்ட பேசினதை ஒரு போஸ்ட் கார்டுல எழுதிடலாம். பேசறதுக்கு நான், கேக்கறதுக்கு அவரு, பத்துக்குப் பத்து. இன்னிக்கு விடியக்காலைல தானா எழுந்து போயி, ரெண்டு மொழம் மல்லிப்பூ வாங்கியாந்து, "வச்சிக்கினு போ, நல்லபடியா முடிச்சிட்டு வா"ன்னாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடையைத் தூக்கியாந்து ஏத்தி விட்டாரு. கையாட்டினாரு. கண்ணு வேற கலங்கியிருந்துது. ஒரு கார்டுக்கு இந்த மனுசன் இப்படி உருகுவாருன்னு எனக்குத் தெரியாதுக்கா.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. கார்டு சரியில்ல சரியில்லங்கறாங்களே, இந்த ரெண்டு மாசமா அவ வேலை எல்லாம் பறக்குது. மாப்பிள்ளைங்க யாரும் இப்பல்லாம் தாலியைப் புடிச்சிக்கிட்டு நிக்கறதில்ல, டக்குனு கட்டிடறாங்க. பொண்ணோட அம்மா கண்ணுத் தண்ணி ஒவ்வொரு சொட்டா தெரியுது. விளக்கு வைக்கறதுக்குள்ள மெஷினை அணைச்சிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கா. பொருந்தாத கார்டுக்கே இந்த வேகம்னா, பொருந்தற கார்டு வந்தா என்னா ஆவும் பாருங்க!

ஐயோ, ஏன்க்கா இப்படிச் சிரிக்கிறீங்க, முன்னாடி சீட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு. இது பூந்தமல்லி தானே? வந்துடுச்சா? இந்தப் பொட்டியை ஒரு நிமிசம் புடிங்க, நான் பூவைச் சரி பண்ணிக்கறேன். ரெண்டு கையால புடிங்க, கனம்.

என்னா? லேசா இருக்கா?

லேசால்லாம் இருக்காதே. பொறந்த கொழந்தை கனம்னேனே. குடுங்க.

அட. ஆமா.

செய்யாறுல இருந்து மடியில வச்சிருக்கேன், காலு மரத்துப் போவலயேன்னு நெனைச்சேன். மூட்டு வலி தைலம் வேலை செய்யுதுன்னு இருந்துட்டேன். அக்கா, எவனோ கார்டை உருவிட்டானா? இல்லியே, தம்பி தானே தன் கையால டேப்பு ஒட்டினான். மூணு சுத்து. வழியில பிரிக்காதீங்க, பிரிச்சா உங்க ஒடம்புல இருக்கற கரண்டு பாஞ்சிடும்னான். பாஞ்சாப் பாயட்டும். ஊக்கு இருக்கா உங்ககிட்ட? குடுங்க. இந்தப் பக்கம் புடிங்க. இழுங்க.

தெர்மாக்கோலு.

அடியில என்னமோ மஞ்சத்துணி. இது எங்க சாமி மாடத்துத் துணியாச்சே. இது யுவராணி ஜாதகம்! இது எப்படி இங்க... கூட இன்னொண்ணு. ரப்பர் பேண்டு... இது நான் போட்ட ரப்பர் பேண்டுதான். தணிகைவேல் கட்டம். என் பையில இருந்து எப்ப எடுத்துதுங்க? கட்டு மெலிஞ்சிருக்குன்னு கூடத் தெரியலயே எனக்கு. ஒரு சீட்டு வேற. கண்ணாடி கொண்டாரல, நீங்க படிங்கக்கா. மெதுவா. இல்ல, சத்தமாவே படிங்க, பஸ்ஸே கேக்கட்டும்.

"அம்மா, பிரிக்காதன்னா நீ பஸ்ஸுலயே பிரிச்சிடுவன்னு தெரியும். கார்டு மெஷின்லயேதான் இருக்கு. ரெண்டு மாசமா நல்லா ஓடுது. நீ கொண்டாந்த சம்பந்தம் திரும்பிப் போவல. ஊருல எல்லாருக்கும் பாக்கற மாதிரி இதையும் ஒருவாட்டி பாரு. பொருந்தலன்னா பழத்தை பஸ்ஸுலயே சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துடு, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். பொருந்துச்சின்னா பத்தரைக்குள்ள போயிடு."

...

இருங்க. பேசாதீங்க. அந்தச் சீட்டை இப்படிக் குடுங்க.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அந்தப் பேசாத மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. பூக்காரிக்குக் கூடத் தெரிஞ்சிருக்கும், கொசுறு ஒரு மொழம் குடுத்தாளாம். உங்களுக்கும் காஞ்சிபுரம் தாண்டறதுக்குள்ள தெரிஞ்சிடுச்சி இல்ல? அதான் வாயைப் பொத்திக்கிட்டு வந்தீங்க. முந்நூத்திப் பன்னெண்டு ஜோடி சேத்தவளை, ஒரு காலிப் பொட்டியைக் குடுத்து, மூணு மணி நேரம் மடியில வச்சிக் காப்பாத்த வச்சிருக்குதுங்க! அதிராம வேற! நான் போவ மாட்டேன். உரிங்க அந்தப் பழத்தை. நீங்க ரெண்டு, நான் ரெண்டு. கண்டக்டருக்கும் குடுங்க.

இருங்க. உரிக்காதீங்க. கட்டத்தைப் பாத்துட்டு அப்புறம் உரிக்கலாம். தொழில்னு வந்துட்டா கோவம் வேற, கட்டம் வேற.

அவ அஸ்தம். அவன் ரேவதி. தினம்... ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினஞ்சு. இருக்கு. கணம், ரெண்டும் தேவ கணம். யோனி பகையில்ல. ராசி ஏழுக்கு ஏழு, நேருக்கு நேரா பாக்கறாங்க. வசியம் இருக்கு. அது எனக்கே தெரியுது, கட்டம் வேற பாக்கணுமா. ரஜ்ஜு தட்டல. தீர்க்கம் இருக்கு. வேதை இல்ல. மகேந்திரம் இல்ல, போவட்டும். அதிபதி கொஞ்சம் மொறைக்கிறான், அவனும் போவட்டும். எட்டு. அக்கா, எட்டு! செவ்வாயும் செவ்வாயும் சரிக்குச் சரி. நான் வேலூர் வரைக்கும் போனேனே! எங்க வீட்டு அடுப்படிக்கும் எடிட்டிங் ரூம்புக்கும் நடுவுல ஒரு கதவுதான்க்கா. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சு விடாம ஒக்காந்திருந்தேன், ஃபேனு சத்தம் கேக்குதான்னு!

ரெண்டாவது தெரு. மாடியில நின்னு ஒரு கொரல் குடுத்தா அவளுக்குக் கேக்கும். அவங்கம்மா பேசாது. வீட்டுல அந்த மெஷினு சத்தம் இல்லாம எப்படி இருக்கறதுன்னுதான் வந்த வரனையெல்லாம் தட்டி விட்டேன், நெசமாச் சொல்றேன்க்கா, அந்தப் பஜ்ஜி தின்னவன் கூட அவ்ளோ மோசமில்ல.

இல்ல, அழுவல. பூ குத்துது.

ஆனா ஒண்ணு இடிக்குது. எங்க வழக்கத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் மொதல்ல தட்டோட வரணும். பொண்ணைப் பெத்தவ நானே கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயி நின்னா, ஊரு என்னா சொல்லும்? செய்யாறு பூரா என் வாயாலதான் இந்த வழக்கத்தைச் சொல்லி வச்சிருக்கேன். நானே மீறினா அப்புறம் எவன் மதிப்பான்?

கோயம்பேடு வந்துடுச்சா? மணி என்னா? ஒம்போது அஞ்சா? போயிடலாம். அக்கா, உங்களுக்கு எந்தப் பக்கம் போவணும்? மவுண்ட் ரோடா? ரிச்சி தெரு அங்கதானே! நான் பொண்ணோட அம்மாவாப் போனாத்தானே தப்பு. தரகரு எந்த வீட்டுக்கும் மொதல்ல போலாம், அது எங்க தொழிலு. நான் தரகரு. முந்நூத்திப் பதிமூணாவது ஜோடி விசயமா வந்திருக்கேன்னு சொல்லுவேன். பொண்ணோட அம்மா யாருன்னு கேட்டா, ரொம்ப நல்ல மாதிரி, கொஞ்சம் வாயி நீளம், மத்தபடி தங்கம்னு நானே சொல்லிடறேன். நீங்க சும்மா பக்கத்துல நிக்க வேண்டியதுதான். தனியாப் போனா சகுனம் சரியில்ல, ரெண்டு பேராப் போவணும். அரை மணி நேரம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது. மொகம் லட்சணமா இருக்கு உங்களுக்கு.

லட்சணம் பாத்து நான் ஏமாந்ததில்லக்கா. அந்தக் கார்டே சாட்சி.

பழக் கூடையை நீங்க புடிங்க. இந்தக் காலிப் பொட்டியை நான் எடுத்துக்கறேன், இது இல்லாம நான் போவ மாட்டேன். கண்டக்டரே, அந்த மீதி சில்லறையை நீங்களே வச்சிக்கங்க, வெத்தலை பாக்கு போடுங்க! எறங்குங்கக்கா. இல்ல இல்ல, இருங்க, அந்தக் காலு இல்ல. வலது காலு மொதல்ல.